டிரைவ்வே தூணும் கார் இன்சூரன்ஸும்: பிரிட்டனில் நடும் முறை

டிரைவ்வேயில், அதாவது வீட்டு முன் கார் நிறுத்தும் இடத்தில், காரை மறிக்கும் பூட்டுத் தூண் நட்டால் இன்சூரன்ஸ் பிரீமியம் குறையுமா? பெரும்பாலும் குறையாது. விண்ணப்பத்தில் கார் இரவில் எங்கே நிற்கிறது, அலாரம், டிராக்கர் உண்டா என்று கேட்பார்கள். தூணுக்கென்று தனிக் கேள்வி அரிது. ஆகவே காரைக் காக்கவே நடுங்கள். சாவியை நுழைக்காமலே ஸ்டார்ட் ஆகும் கார்களில், வீட்டுக்குள் இருக்கும் சாவியின் சிக்னலைக் கருவியால் நீட்டித் திருடிவிடுகிறார்கள். தூண் நிமிர்ந்து நின்றால் என்ஜின் ஓடினாலும் கார் வெளியே போகாது.

இடம்தான் முக்கியம். தூண் உங்கள் நிலத்துக்குள் இருக்க வேண்டும், நடைபாதையில் கூடாது. காரின் பம்பரை ஒட்டினாற்போல் வையுங்கள். தூரம் கூடினால் கார் வேகமெடுத்து மோதும். தூணின் இருபுறமும் 1.5 மீட்டருக்கு மேல் இடைவெளி விடாதீர்கள். பக்கத்து வீட்டு டிரைவ்வேக்கும் உங்களுடையதற்கும் நடுவே சுவரில்லையென்றால், ஒற்றைத் தூணால் பயனில்லை. அந்தப் பக்கமாகவே ஓட்டிப் போய்விடுவார்கள். பொதுப் பாதையாக இருக்கும் டிரைவ்வேயை அடைக்கவே முடியாது.

நிலத்துக்குள் இறங்கும் வகைக்கு, தூண் இறங்கி நிற்கும் குழாய் போன்ற உறையின் நீளத்தைவிட 150 முதல் 200 மி.மீ. ஆழமாகத் தோண்டி, அந்தக் கூடுதல் ஆழத்தில் சரளை போடுங்கள். தோண்டுமுன் கேஸ், மின்சாரம், தண்ணீர்க் குழாய்கள் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். லண்டனின் களிமண்ணில் தண்ணீர் வடியாது. சரளை இல்லாவிட்டால் உறையில் நீர் தேங்கி, குளிரில் உறைந்து, தூண் மேலே வராது. ரசமட்டம் வைத்து நேராக்கி, கான்கிரீட் ஊற்றி, ஒரு வாரம் கார் ஏற்றாதீர்கள். மூடி தரையைவிட 5 மி.மீ. உயர்ந்திருந்தால் மழைநீர் உள்ளே போவது குறையும்.

போல்ட் போட்டுப் பொருத்தும் மடக்குத் தூணைப் பிளாக் தரையில் பொருத்தாதீர்கள். கற்கள் மணலில் படுத்திருப்பதால், காரை மோதவிட்டால் கல்லோடு சேர்ந்து பெயர்ந்துவிடும்.

இன்சூரன்ஸ் கம்பெனி தூணைப் பற்றிக் கேட்டால் உள்ளதை மட்டும் சொல்லுங்கள். பிரிட்டனின் 2012 நுகர்வோர் இன்சூரன்ஸ் சட்டப்படி கவனக்குறைவாகத் தவறான பதில் சொன்னாலும், சரியான பிரீமியம் அதிகமாக இருந்திருக்கும் என்றால் கிளெய்ம் தொகை விகிதப்படி குறையலாம். ‘இரவில் தூண் பூட்டியிருக்க வேண்டும்’ என்று பாலிசியில் நிபந்தனை வந்தால், ஒவ்வோர் இரவும் பூட்டியாக வேண்டும். ஓர் இரவு பூட்டாமல் விட்டிருந்தும், பகலில் கடை வாசலில் கார் திருட்டுப் போனால் கதை வேறு: நடந்த இழப்பின் ஆபத்தை அந்த மீறல் கூட்டியிருக்க முடியாது என்று நீங்கள் காட்டினால், 2015 இன்சூரன்ஸ் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி அதை வைத்து கிளெய்மை மறுக்க முடியாது. சொந்தத் தூணில் ரிவர்ஸில் இடித்தால் அது உங்கள் தவறாகவே கணக்காகும். எக்ஸஸும் (கிளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை) கட்டி, நோ கிளெய்ம் போனஸையும் இழப்பதைவிடச் சிறு சேதத்தைக் கைக்காசில் சரிசெய்வது பல நேரம் மலிவு. அப்போதும் விபத்தைக் கம்பெனிக்குத் தெரிவிக்கும் கடமை பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

தூணின் சாவியைக் கார்ச் சாவியோடு ஒரே வளையத்தில் கோக்காதீர்கள். வீடு புகுந்து அதை எடுத்தால், இரண்டும் ஒன்றாகப் போய்விடும்.