அட்ஜஸ்டபிள் ஷாக்: குமிழைத் திருகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆஃப்ரோடு வண்டிக்கு அட்ஜஸ்டபிள் ஷாக் (இறுக்கத்தைக் குமிழால் மாற்றக்கூடிய ஷாக் அப்சார்பர்) போட்டவுடன் பலரும் செய்கிற முதல் வேலை குமிழைப் பிடித்துத் திருகுவது. வண்டி ஆடுகிறதா, இரண்டு கிளிக் இறுக்கு. தூக்கிப் போடுகிறதா, இன்னும் இரண்டு இறுக்கு. கொஞ்ச நாளில் வண்டி கட்டை வண்டி மாதிரி ஆகிவிடும். பழி ஷாக் மேல் விழும். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் கோளாறு ஷாக்கில் இருப்பதில்லை. வேறு எங்கோ இருக்கும் குறையைக் குமிழால் சரிசெய்யப் பார்ப்பதுதான் பிரச்சினை.

எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அது அமுங்குகிற வேகத்தையும் விரிகிற வேகத்தையும் அடக்குவது ஷாக். உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சின்னத் துளைகள் வழியாகவும், வளைந்து கொடுக்கும் மெல்லிய தகடுகளைத் தாண்டியும் தள்ளுகிறது. அசைவின் சக்தி வெப்பமாகக் கரைகிறது. அதனால் தண்ணீர், எரிபொருள் கேன், கருவிப் பெட்டி எல்லாம் ஏற்றியதும் பின்பக்கம் தாழ்ந்துவிட்டால், கம்ப்ரஷனை, அதாவது அமுங்கும்போது கிடைக்கும் கட்டுப்பாட்டை, எவ்வளவு இறுக்கினாலும் உயரம் திரும்பாது. அந்த எடைக்கு ஏற்ற ஸ்பிரிங்தான் வேண்டும். செட்டிங் செய்வதும் காலி வண்டியில் அல்ல, பயணத்துக்குப் போகும்போது இருக்கும் அதே சுமையோடு செய்ய வேண்டும்.

டயர் காற்றும் அப்படித்தான். டயரும் ஒரு ஸ்பிரிங். 35 பிஎஸ்ஐயில் செட் செய்துவிட்டு, மணலுக்காக 18க்கு இறக்கினால் நீங்கள் ஓட்டுவது வேறு வண்டி. முதலில் காற்று, அப்புறம் குமிழ்.

இனி எல்லாவற்றிலும் அதிகம் ஏமாற்றும் தவறு: ரீபவுண்டை அளவுக்கு மீறி இறுக்குவது. ரீபவுண்ட் என்பது அமுங்கிய ஸ்பிரிங் மறுபடி விரியும்போது கிடைக்கும் கட்டுப்பாடு. அலை அலையாக மேடுபள்ளம் வரும் தடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மேட்டில் சக்கரம் மேலே போகிறது. ரீபவுண்ட் இறுக்கமாக இருந்தால் அது முழுசாகக் கீழே இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அமுங்க இருக்கும் இடம் ஒவ்வொரு மேட்டிலும் குறைந்துகொண்டே போய், கடைசியில் வண்டி பம்ப் ஸ்டாப் (அமுங்கும் எல்லையில் இருக்கும் தடுப்புக் கட்டை) மேல் உட்கார்ந்து டமார் டமார் என்று அடிக்கும். உள்ளே இருப்பவருக்கு “ஷாக் போதவில்லை, தட்டுகிறது” என்றுதான் தோன்றும். இன்னும் இறுக்குவார். இன்னும் மோசமாகும்.

கண்டுபிடிக்க எளிய அடையாளம் உண்டு. முதல் ஒன்றிரண்டு மேடு சுகமாகத் தாண்டி, நான்காவது ஐந்தாவதில் இடி கூடினால் ரீபவுண்ட் மேல் சந்தேகப்படுங்கள். இரண்டு கிளிக் தளர்த்திப் பாருங்கள். ஒற்றை மேட்டிலேயே தட்டினால் கம்ப்ரஷனையும் ஸ்பிரிங்கையும் பார்க்கலாம். மேட்டைத் தாண்டியதும் பின்பக்கம் உதைத்துக்கொண்டு எழும்பினாலோ, வண்டியின் உடம்பு இரண்டு மூன்று தடவை குதித்து ஓய்ந்தாலோ அது நேரெதிர்: ரீபவுண்ட் தளர்ந்திருக்கிறது.

எந்தக் குமிழ் எதை மாற்றுகிறது என்று தெரியாமல் திருகுவதும் சகஜம். எல்லா ஷாக்கும் ஒன்றல்ல. ஓல்ட் மேன் எமு பிபி-51-இல் கம்ப்ரஷனையும் ரீபவுண்டையும் தனித்தனியாக மாற்றலாம். ஃபாக்ஸின் டிஎஸ்சி அட்ஜஸ்டரில் இருக்கும் இரண்டு குமிழ்களுமே கம்ப்ரஷனுக்கானவை; ஒன்று லோ ஸ்பீடு, இன்னொன்று ஹை ஸ்பீடு. இந்த “ஸ்பீடு” வண்டி போகும் வேகம் அல்ல, ஷாக்கின் தண்டு அசையும் வேகம். வளைவில் சாய்வதும் பிரேக் பிடிக்கும்போது மூக்கு குனிவதும் லோ ஸ்பீடு. மெதுவாகப் போனாலும் கூர்மையான கல்லில் சக்கரம் சட்டென்று ஏறினால் அது ஹை ஸ்பீடு. வண்டியின் மூலையைக் கையால் அழுத்திப் பார்த்து எல்லாம் முடிவு செய்ய முடியாது என்பதும் இதனால்தான். கை தொடுவது லோ ஸ்பீடை மட்டும்.

திருகும் முன் குமிழைச் சுற்றியிருக்கும் மண்ணைக் கழுவுங்கள். பெரும்பாலான ஷாக்கில் கடிகார முள் திசையில் மெதுவாகக் கடைசிவரை மூடி, அங்கிருந்து வெளியே கிளிக் எண்ணுவது வழக்கம். உங்களுடையதை மேனுவலில் உறுதி செய்துகொள்ளுங்கள். முடிவில் அழுத்தித் திருகினால் உள்ளே இருக்கும் ஊசி வால்வு பாழாகும். ஒரே அச்சில் இடதும் வலதும் ஒரே எண்ணாக இருக்கட்டும். ஒரு தடவைக்கு ஒரே மாற்றம், அதே தடம், அதே வேகம். எண்ணைக் குறித்து வையுங்கள்; ஞாபகம் இருக்கும் என்று நம்பாதீர்கள்.

மாட்டும்போது நடக்கும் தவறுகளைக் குமிழால் தொடவே முடியாது. லிஃப்ட் செய்த, அதாவது உயரம் கூட்டிய வண்டியில் ஷாக்கின் நீளம் பொருந்தாவிட்டால், பம்ப் ஸ்டாப் தொடும் முன்பே ஷாக் தன் அடியைத் தொட்டு நொறுங்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு, சக்கரத்தை மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டுக்கும் நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஓட்டும்போது எவ்வளவு அமுங்குகிறது என்று அறிய, தண்டில் ஒரு சின்ன கேபிள் டையைக் கட்டி ஷாக்கின் உடல் பக்கம் ஒட்டித் தள்ளிவிடுங்கள். ஓடி முடித்ததும் அது நிற்கும் இடம் உண்மையைச் சொல்லும்.

ரப்பர் புஷ் (மாட்டும் இடத்தில் இருக்கும் ரப்பர் வளையம்) உள்ள ஷாக்கின் போல்ட்டை, சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது முழுசாக முறுக்காதீர்கள். வண்டியைத் தரையில் இறக்கிய பின் முறுக்குங்கள். இல்லாவிட்டால் நிற்கும் நிலையிலேயே ரப்பர் முறுக்கிக்கொண்டு, சீக்கிரமே கிழியும்.

ஷாக்கோடு சேர்ந்த வாயுக் குடுவையான ரிசர்வாயரில் சாதாரணக் காற்று அடிப்பதும் கூடாது. அதில் ஈரம் இருக்கும், சூடானால் அழுத்தம் தாறுமாறாக மாறும். நைட்ரஜன், அதுவும் தயாரிப்பாளர் சொன்ன அழுத்தத்தில்.

கடைசியாக, செத்த ஷாக்கைத் திருகிக்கொண்டே இருப்பது. தண்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு இருக்கலாம், ஒழுகக் கூடாது. கரடுமுரடான தடத்தில் நல்ல ஓட்டம் ஓடிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு ஷாக்குக்கும் அருகில் புறங்கையைக் கொண்டுபோங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரே அச்சில் ஒன்று கொதித்து, மற்றது வெறும் வெதுவெதுப்பாக இருந்தால், அந்த வெதுவெதுப்பானது வேலையே செய்யவில்லை. அதன் குமிழ் எந்த எண்ணில் இருந்தாலும் ஒன்றுதான். கழற்றிப் பிரித்துப் பார்க்க வேண்டும்.