ஆசைலம் டாக்டரின் கடிதக் கட்டை எப்படிப் படிப்பது

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் மனநோயாளிகளை வைத்திருந்த இடத்துக்கு ஆசைலம் என்று பெயர். அதன் தலைமை மருத்துவர் பெரும்பாலும் அந்த வளாகத்துக்குள்ளேயே குடியிருப்பார். வீடு எது, வேலை எது என்ற கோடு அவர் வாழ்க்கையிலேயே மங்கல். கடிதத்தில் மட்டும் எப்படித் தெளிவாக இருக்கும்? அதனால் கட்டைப் பிரித்ததும் 'சொந்தம்', 'அலுவல்' என்று இரண்டு குவியலாகப் போடாதீர்கள். வந்த வரிசை எதுவோ அதையே காப்பாற்றுங்கள். பெட்டி எண், கட்டு எண், தாள் எண் மூன்றையும் குறித்துக்கொண்ட பிறகுதான் படிக்கவே தொடங்க வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஜேம்ஸ் கிரைட்டன்-பிரவுனை வைத்துக்கொள்வோம். 1866 முதல் 1876 வரை யார்க்‌ஷயரில் வேக்ஃபீல்டில் இருந்த வெஸ்ட் ரைடிங் ஆசைலத்தின் தலைவர். மனித முகபாவங்களைப் பற்றி நூல் எழுதிக்கொண்டிருந்த சார்லஸ் டார்வின், ஹென்றி மாட்ஸ்லி என்ற மனநல மருத்துவர் வழியாக 1869-இல் இவரைப் பிடித்தார். நோயாளிகளின் அழுகை, சிரிப்பு, முகம் சிவத்தல், மயிர் சிலிர்த்தல் என்று கேள்வி மேல் கேள்வி. இவர் பதிலோடு புகைப்படங்களும் அனுப்பினார். 1872-இல் வெளிவந்த நூலில், தலைமுடி விறைத்து நிற்கும் பெண்ணின் படம் இவர் அனுப்பியதுதான்.

மறுபாதியைத் தேடுங்கள்

கடிதம் எழுதினவரிடம் இருக்காது, பெற்றவரிடம்தான் இருக்கும். மருத்துவரின் பெட்டியில் கிடைப்பது மற்றவர்கள் அவருக்கு எழுதியவை. அவர் குரல் வேண்டுமானால் மற்றவர்களின் பெட்டிக்குப் போக வேண்டும். கிரைட்டன்-பிரவுன் எழுதியவை டார்வினின் தாள்களோடு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கின்றன. அங்கே இன்னொரு சிக்கல்: டார்வின் தமக்கு வந்த கடிதங்களைக் கத்தரியால் வெட்டி, பொருள்வாரியாக உறைகளில் போட்டுவைக்கும் பழக்கமுள்ளவர். பாதித் தாளைப் பார்த்துவிட்டு 'கடிதம் தொலைந்துபோயிற்று' என்று எழுதிவிட வேண்டாம். மீதி வேறொரு தலைப்பின் கீழ் இருக்கலாம். ஓரத்தில் பென்சில் குறிப்புகள் இருந்தால் அவை யாருடையவை என்று தனியாகப் பதியுங்கள்.

அலுவல் கடிதங்களுக்கு நகல் புத்தகம் இருந்தால் அதிர்ஷ்டம். கடிதத்தைத் தனி மையில் எழுதி, ஈரமாக்கிய மெல்லிய தாளோடு சேர்த்து இரும்பு அழுத்தியில் வைத்து இறுக்கினால் மை அதில் ஏறும். தாளின் பின்பக்கத்தில் ஏறிய எழுத்தை முன்பக்கத்திலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். புரட்டிப் பார்த்தால் இடம் வலம் மாறிவிடும். தாள் கண்ணாடிபோல் இருப்பதால் அடுத்த பக்கத்து எழுத்தும் கூடவே தெரிந்து குழப்பும். பின்னால் ஒரு வெள்ளைத் தாளைச் செருகிவிட்டுப் படியுங்கள். பாதி அழிந்தாற்போல இருக்கும் பக்கங்களில், தாள் சரியாக ஈரமாகவில்லை என்று பொருள்.

தேதியை நிறுவுதல்

பிழை அதிகம் விழுகிற இடம் இதுதான். பழகினவர்களுக்கு எழுதும்போது ஆண்டைப் போட மாட்டார்கள். கிழமையும் தேதியும் மட்டும் இருக்கும். சில நேரம் கிழமை மட்டும்.

'சனிக்கிழமை, மே 22' என்று ஒரு தாள் இருக்கிறது என்று வையுங்கள். கிரைட்டன்-பிரவுன் வேக்ஃபீல்டில் இருந்த 1866–1876 காலத்தில் மே 22 சனிக்கிழமையாக வந்தது 1869, 1875 என்ற இரண்டே ஆண்டுகளில். நாள்காட்டி இரண்டுக்குக் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. மீதியை உள்ளடக்கம் சொல்ல வேண்டும். முகத்தசைகளை மின்சாரத்தால் தூண்டிப் படமெடுத்த பிரெஞ்சு மருத்துவர் ட்யூஷேனின் நூலை டார்வின் 1869 ஜூனில் வேக்ஃபீல்டுக்கு இரவல் அனுப்பினார். ஏறக்குறைய ஓராண்டு அது அங்கேயே இருந்தது. (இரவல் புத்தகம் திரும்பாத துக்கம் எல்லாக் காலத்துக்கும் பொது.) அந்த நூலை இனிமேல்தான் அனுப்பப்போவதாகக் கடிதம் பேசினால் அது 1869. அச்சில் வந்துவிட்ட முகபாவ நூலைப் பற்றிப் பேசினால் 1875.

மருந்துப் பெயர்களும் கைகொடுக்கும். தூக்கத்துக்குக் குளோரல் கொடுத்ததாக எழுதியிருந்தால் கடிதம் 1869-க்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அது மருந்தாகப் புழக்கத்துக்கு வந்ததே அந்த ஆண்டுதான். இன்னொரு தூக்க மருந்தான பாரால்டிஹைடு வந்தது 1880-களில். தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் தெரியும் நீர்க்குறியில் ஆண்டு இருந்தால், அது தாள் செய்த ஆண்டு. கடிதம் அதே ஆண்டிலோ பிறகோ எழுதியது, முன்பு இல்லை. கறுப்புக் கரையிட்ட தாள் குடும்பத்தில் சாவு நேர்ந்ததைச் சொல்லும்.

உறையின் அஞ்சல் முத்திரையை மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். உறையும் கடிதமும் பின்னாளில் யாரோ சேர்த்துவைத்தவையாக இருக்கலாம். 1840-இல் பென்னி தபால் (நாடு முழுவதும் ஒரு பென்னிக்குக் கடிதம் அனுப்பும் முறை) வருமுன் கட்டணம் தாள் எண்ணிக்கையைப் பொறுத்தது. உறையும் ஒரு தாளாகக் கணக்காகும். அதனால் அந்தக் காலத்துக் கடிதங்களைப் பெரும்பாலும் மடித்து, அதன் வெளிப்புறத்திலேயே முகவரி எழுதினார்கள். அதே சிக்கனத்தில் தாளைத் திருப்பி, எழுதின வரிகளின் மேலேயே குறுக்காக எழுதுவதும் உண்டு. குறுக்கெழுத்தைப் படிக்க, படமெடுத்துத் திரையில் 90 பாகை சுழற்றி ஒரு திசையை முழுக்க முடித்துவிட்டு மறுதிசைக்குப் போங்கள்.

தேதிச் சுருக்கங்கள் மூன்று: 'இன்ஸ்ட்' இந்த மாதம், 'அல்ட்' போன மாதம், 'ப்ராக்ஸ்' அடுத்த மாதம். மார்ச் 3-இல் எழுதிய கடிதத்தில் '12 அல்ட்' என்றால் பிப்ரவரி 12.

படியெடுக்கும்போது

2பி பென்சிலே போதும்; பேனா, ஈர விரல் இரண்டும் ஆகாது. இரும்பு கலந்த அக்காலத்து மை தாளையே அரித்திருக்கும். எழுத்து இருந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால் தாளைத் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

முதல் சுற்றில் புரியாத சொல்லை ஊகித்து நிரப்ப வேண்டாம். சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போட்டுவிட்டுத் தாண்டுங்கள். பத்துக் கடிதம் போனதும் அவர் கையெழுத்து பழகிவிடும்; திரும்பி வந்தால் பாதி தானே அவிழும். நூற்றாண்டின் முற்பாதியில் இரட்டை 'எஸ்' வருமிடத்தில் முதல் எழுத்தை நீட்டி எழுதுவார்கள். 'எஃப்' என்று ஏமாந்துவிடக் கூடாது.

மருந்தளவில் ஏமாந்தால் இன்னும் மோசம். டிராம் என்ற பழைய மருந்தளவின் குறி வாலுள்ள 3 போல இருக்கும்; அவுன்ஸ் குறியும் அப்படியேதான், தலையில் ஒரு சுழி மட்டும் கூடுதல். ஓர் அவுன்ஸுக்கு 8 டிராம். சுழியைத் தவறவிட்டால் மருந்து எட்டில் ஒரு பங்காகிவிடும். இல்லாத சுழியைக் கண்டால் எட்டு மடங்காகி, மருத்துவரைக் கொலைகாரராக்கிவிடுவீர்கள். அளவெண்கள் சிறிய ரோம எழுத்தில் வரும். கடைசி 'ஐ'யை 'ஜே'யாக நீட்டுவார்கள்.

நோயின் பெயரைத் தமிழாக்கும்போது அவசரம் வேண்டாம். 'ஜெனரல் பராலிசிஸ்' சாதாரண வாதமல்ல; சிபிலிஸ் மூளையைத் தாக்கி வருவது என்று பிற்காலத்தில் உறுதியான நோய். 'டிமென்ஷியா' முதுமை மறதி மட்டுமல்ல. எந்த வயதிலும் அறிவு மங்கினவர்களுக்கு அந்தச் சொல்லைப் போட்டார்கள். மூலச் சொல்லைத் தமிழெழுத்தில் அப்படியே வைத்து, விளக்கத்தை அடிக்குறிப்பில் தருவதே பாதுகாப்பு. ஆளையும் கவனியுங்கள்: 'டாக்டர் பிரவுன்' என்றால் மகன் கிரைட்டன்-பிரவுனாகவும் இருக்கலாம், ஸ்காட்லாந்தின் டம்ஃப்ரீஸில் ஆசைலம் நடத்திய அப்பா வில்லியம் பிரவுனாகவும் இருக்கலாம். அப்பாவும் எடின்பரோவில் டார்வினோடு படித்தவர் என்பதால் டார்வின் பெயரை வைத்தும் பிரிக்க முடியாது.

கட்டுக்குள் நோயாளியே எழுதிய கடிதம் கிடந்தால், அது ஏன் போகாமல் நின்றது என்று கேளுங்கள். 1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆசைலங்களைக் கண்காணித்த ஆணையர்களுக்கு நோயாளி எழுதியதைப் பிரிக்காமல் அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்கு எழுதியதைத் தலைமை மருத்துவர் நிறுத்தலாம். ஆனால் நிறுத்தியதைக் கடிதத்தின் மேலேயே எழுதி, ஆணையர்கள் அடுத்து வரும்போது காட்ட வேண்டும். ஆகவே உள்ளே படிக்குமுன் முதுகுப்பக்கக் குறிப்பைப் படியுங்கள்.

வெளியிடும்போது நோயாளிகளின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்குங்கள். நோயாளிப் பதிவேடுகளைப் பல பிரிட்டிஷ் காப்பகங்கள் 100 ஆண்டு மூடியே வைத்திருக்கின்றன. இதுவரை அச்சேறாத கடிதமென்றால் காப்புரிமையையும் கேட்டுக்கொள்ளுங்கள்: எழுதினவர் இறந்து நூறாண்டு ஆனாலும், பிரிட்டனில் அத்தகைய பழைய கடிதங்கள் பலவற்றுக்கு அது 2039 முடிய நீடிக்கிறது.