செலரிக் குருத்து கருகுவது நின்ற விதம்

ஊட்டிப் பக்கம் பத்து பாத்தியில் செலரி (தண்டுக்காக வளர்க்கும் கீரை வகை) போட்டிருக்கிறேன். பிப்ரவரியில் வெளித்தண்டெல்லாம் பச்சையாக நிற்க, நடுக்குருத்து மட்டும் நுனி பழுத்து, கருத்து, அழுகியது. பூஞ்சாணம் என்று இரண்டு முறை மருந்தடித்தேன், வீண். அப்புறம் கால்சியம் குறைவோ என்று கால்சியம் நைட்ரேட் உரம் தெளித்தேன். தண்டுகள் மூடிய குருத்துக்குள் அது இறங்கவில்லை.

பத்து நாள் போனபின்தான் மண்ணில் விரலை விட்டுப் பார்த்தேன். காலைப் பனியில் மேல்மண் கறுத்து ஈரமாகத் தெரிகிறது. இரண்டு அங்குலத்துக்குக் கீழே பொடி! செலரி வேர் ஆழம் போகாது. நான்கு நாளைக்கு ஒருமுறை நிறையத் தண்ணீர் விட்டதுதான் தப்பு. நீர் சீராக இல்லாமல் இடைவெளி விட்டுக் கிடைத்தால், மண்ணில் கால்சியம் இருந்தாலும் குருத்துக்கு ஏறாது.

சொட்டுநீரைக் காலை, மாலை இருபது நிமிடமாகப் பிரித்தேன். வைக்கோல் மூடாக்கும் போட்டேன். கருத்த செடிகள் தேறவில்லை. மற்றதில் ஒரு குருத்துகூடக் கருகவில்லை. அப்பாடா!