மலையேற்றத்துக்கு ட்ரோன் எடுத்துப் போகிறவர்களுக்கு: முதல் பயணச் செய்முறை

மைதானத்தில் நன்றாகப் பழகிவிட்டேன் என்ற நம்பிக்கையில்தான் முதல் தடவை ட்ரோனை மலைக்கு எடுத்துப் போனேன். பாதையோரம் கொஞ்சம் வெட்டவெளி கிடைத்தது. அங்கிருந்து ஏற்றி, பக்கத்திலிருந்த மேட்டைச் சுற்றி அந்தப்புறம் அனுப்பினேன். திரை 30 மீட்டர் உயரம் காட்டியது. மேடு மறைத்ததும் சிக்னல் போய்விட்டது. சிக்னல் போனால் தானாகத் திரும்பி வந்துவிடும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அப்படித் திரும்பும்போது பறக்க வேண்டிய உயரத்தை 40 மீட்டர் என்று வைத்திருந்தேன். நடுவில் நின்ற மேடு, அதன் மேலிருந்த மரங்களோடு சேர்த்து, அதைவிட உயரம். ட்ரோன் நான் சொல்லிவைத்தபடியே 40 மீட்டருக்கு ஏறி, நேர்கோட்டில் வந்து, மரத்தில் மோதி விழுந்திருக்கிறது. இரண்டு மணி நேரம் தேடி, ட்ரோனின் ஒரு கை முறிந்த நிலையில் எடுத்தேன்.

அதனால் உயரத்தைப் பற்றி இங்கே நிறையவே சொல்வேன். ஆனால் வேலை அதற்கு வெகு முன்பே, டிக்கெட் போடும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

படி 1: வானத்துக்கு ஓர் அனுமதி, நிலத்துக்கு ஓர் அனுமதி

இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். வானம் நீங்கள் போகும் நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் கையில் இருக்கும். நீங்கள் நிற்கும் காடோ பூங்காவோ வேறொரு துறையின் கையில் இருக்கும். ஒன்று சரி என்றாலும் இன்னொன்று கூடாது என்று சொல்லலாம். அமெரிக்காவில் பொழுதுபோக்குக்குப் பறக்கவிடுகிறவர்கள் எல்லோரும் டிரஸ்ட் என்ற இலவச இணையத் தேர்வை முடிக்க வேண்டும். 250 கிராமும் அதற்கு மேலும் எடையுள்ள ட்ரோனைப் பதிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் முடித்தவரும் அங்கே தேசியப் பூங்காவுக்குள் ட்ரோனை ஏற்ற முடியாது. 2014 முதல் அங்கே தடை இருக்கிறது.

"என்னுடையது 250 கிராமுக்குக் கீழே, அதனால் ஒன்றும் வேண்டாம்" என்று நினைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கேமரா இருந்தால், சின்ன ட்ரோனாக இருந்தாலும் இயக்குபவர் பதிவு தேவை. ஒரு நாட்டில் பதிந்தால் மற்ற உறுப்பு நாடுகளிலும் செல்லும். ஜப்பானில் 2022 ஜூன் முதல் 100 கிராமிலேயே பதிவு தொடங்கிவிடுகிறது. இந்தியாவில் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதள வரைபடத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மண்டலங்களைப் பார்க்காமல் ஏற்றக்கூடாது. மொராக்கோ, எகிப்து போன்ற நாடுகளில் அனுமதியில்லாமல் பறக்கவிடும் பேச்சுக்கே இடமில்லை; கொண்டுபோனால் சுங்கத்திலேயே பிடித்து வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட நாடு வழியில் இருந்தால் ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். பழைய வீடியோவையோ வலைப்பதிவையோ நம்பாமல், பயணத்துக்கு முந்தைய வாரம் ஆணையத்தின் தளத்தை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பதிவுச் சான்றையும் அனுமதியையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மலையில் கேட்பார்கள், அங்கே நெட் இருக்காது.

படி 2: பேட்டரியை விமானத்தில் எடுத்துப் போவது

உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் வர வேண்டும், சரக்கில் போடும் பெட்டியில் கூடாது. 100 வாட்-அவர் வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டாம். வோல்ட்டை ஆம்பியர்-அவரால் பெருக்கினால் வாட்-அவர் கிடைக்கும். 7.7 வோல்ட், 2250 எம்ஏஎச் (அதாவது 2.25 ஆம்பியர்-அவர்) என்று பேட்டரியில் போட்டிருந்தால் 7.7 × 2.25, கிட்டத்தட்ட 17.3. கையடக்க ட்ரோன்களுக்குக் கவலையே இல்லை. உலோக முனைகளில் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் வையுங்கள். எத்தனை பேட்டரி வரை எடுத்துப் போகலாம் என்பதை உங்கள் விமான நிறுவனத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 3: நெட் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை

ட்ரோன், ரிமோட், பேட்டரி மூன்றின் மென்பொருளையும் புதுப்பித்துவிட்டு, வீட்டருகே ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். பறக்கத் தடையுள்ள இடங்களின் தரவையும் அப்போதே புதுப்பித்துவிடுங்கள். மலை உச்சியில் "அப்டேட் செய்தால்தான் ஏற்றலாம்" என்று திரையில் வந்து நின்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. போகும் பகுதியின் வரைபடத்தை ஆஃப்லைனில் இறக்குங்கள். மெமரி கார்டு ட்ரோனுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 4: ஏற்றும் இடம்

தலைக்கு மேல் வானம் திறந்திருக்க வேண்டும். மரக்கிளைக்கு அடியிலோ செங்குத்துப் பாறையை ஒட்டியோ நின்றால் ஜிபிஎஸ் சரியாகப் பிடிக்காது. இரும்புக் கைப்பிடி, கார் கூரை, கம்பி போட்ட கான்கிரீட் மேடை ஆகியவற்றை விட்டுத் தள்ளி வையுங்கள், திசைகாட்டி குழம்பும். புல்லும் மணலும் இறக்கையில் சிக்கும் என்பதால், தட்டையான பாறையோ விரித்துப் போட்ட மழை உறையோ நல்லது. துணியென்றால் நான்கு மூலையிலும் கல் வையுங்கள், இல்லாவிட்டால் காற்றில் எழும்பி இறக்கையிலேயே சுற்றிக்கொள்ளும்.

ஹோம் பாயிண்ட், அதாவது ட்ரோன் தானாகத் திரும்பி வர வேண்டிய இடம், பதிந்துவிட்டது என்று செயலி சொல்லும்வரை ஏற்றாதீர்கள். பாதையில் மற்றவர்கள் இருந்தால், ஏற்றப்போவதை முன்கூட்டியே சொல்லுங்கள். அமைதி தேடி வந்தவருக்கு அந்த ரீங்காரம் தொல்லைதான். வேண்டாம் என்றால் அவர் போகும்வரை காத்திருங்கள்.

படி 5: திரை காட்டும் உயரம் எங்கிருந்து?

திரையில் தெரியும் எண், நீங்கள் ஏற்றிய இடத்திலிருந்து எத்தனை மீட்டர் என்பதை மட்டுமே சொல்கிறது. ட்ரோனுக்குக் கீழே தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. மைதானத்தில் இரண்டும் ஒன்றுதான். மலையில் வேறு வேறு.

ஒரு முகட்டின் விளிம்பில் நிற்கிறீர்கள், எதிரே 300 மீட்டர் ஆழத்தில் பள்ளத்தாக்கு என்று வைத்துக்கொள்வோம். ட்ரோனை 20 மீட்டர் ஏற்றி நேராகப் பள்ளத்தாக்குக்கு மேலே செலுத்துகிறீர்கள். திரை 20 என்று காட்டும், ஆனால் அது தரையிலிருந்து 320 மீட்டரில் இருக்கிறது. பெரும்பாலான நாடுகளில் வரம்பு 120 மீட்டர், அதாவது 400 அடி. கணக்கு ட்ரோனுக்குக் கீழே உள்ள தரையிலிருந்து. ஐரோப்பாவில் மிக அருகிலுள்ள நிலப்பரப்பிலிருந்து கணக்கிடுகிறார்கள். பள்ளத்தாக்குக்கு மேலுள்ள அந்த வெளியில் மீட்பு ஹெலிகாப்டரும் பாராகிளைடரும் வரலாம். அதனால் விளிம்பைத் தாண்டி நேராகப் போகாமல் சரிவை ஒட்டியே பறக்கவிடுங்கள்.

இதற்கு நேரெதிரான கணக்கு, அதாவது எதிரே தரை உயர்ந்து நிற்பதுதான், என் ட்ரோனை விழவைத்தது. தானாகத் திரும்பும்போது ட்ரோன் முதலில் நீங்கள் குறித்த உயரத்துக்கு ஏறும், அப்புறம் நேர்கோட்டில் ஹோம் பாயிண்டை நோக்கி வரும். அந்த உயரமும் ஏற்றிய இடத்திலிருந்துதான். எனவே ஏற்றும் முன் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நீங்கள் போக நினைக்கும் பக்கத்தில் மிக உயரமான மரமோ மேடோ எவ்வளவு இருக்கும் என்று மதிப்பிட்டு, அதற்கு மேல் 20, 30 மீட்டர் கூட்டி, திரும்பும் உயரத்தை வையுங்கள். இடம் மாறும்போதெல்லாம் இதைத் திரும்பச் செய்ய வேண்டும். தடையறியும் சென்சார் பார்த்துக்கொள்ளும் என்று இருந்துவிடாதீர்கள்; மெல்லிய கிளையும் மின்கம்பியும் அதற்குத் தெரியாமல் போகலாம், இருட்டில் பல மாடல்களுக்கு எதுவுமே தெரியாது.

சிக்னல் நேர்கோட்டில்தான் போகும். மேட்டுக்கு அந்தப்புறம் அனுப்பினால் அறுந்துவிடும். கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வைத்திருங்கள் என்பது பல நாடுகளில் சட்டம். மலையில் அதுவேதான் ட்ரோனைக் காப்பாற்றும் வழியும்.

படி 6: காற்றும் குளிரும்

நீங்கள் நிற்கும் இடத்தில் இலை அசையாமல் இருக்கலாம். முகட்டைத் தாண்டியதும் காற்று வேறு மாதிரி இருக்கும். சிறிய ட்ரோன்கள் பலவும் வினாடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 38 கிலோமீட்டர் காற்றைத்தான் தாங்கும். முகட்டின் காற்று மறைவுப் பக்கத்தில் காற்று கீழ்நோக்கிச் சுழலும். அங்கே ட்ரோன் திடீரென்று இறங்கிவிடும்.

ஏற்றியதும் 10 மீட்டரில் ஒரு நிமிடம் நிறுத்தி, ட்ரோனையே பாருங்கள். ஒரே இடத்தில் நிற்பதற்காக ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே இருந்தால், அது காற்றோடு போராடுகிறது என்று பொருள். மேலே போனால் இன்னும் அதிகம் போராடும். போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், வரும்போது காற்றோடு வருவதுபோல் திட்டமிடுங்கள். மாற்றிச் செய்தால் போகும்போது 20 சதவீத பேட்டரியைத் தின்ற தூரம், திரும்பும்போது 40 சதவீதம் தின்னலாம். நான் மலையில் பாதி பேட்டரி வந்ததும் திருப்பிவிடுவேன்.

குளிரில் பேட்டரி சட்டென்று சரியும். ஏற்றும் வரை சட்டையின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். ஏற்றிய பின் அந்த ஒரு நிமிட நிறுத்தம் பேட்டரியையும் சூடாக்கும். உயரம் கூடக்கூடக் காற்று மெலிவதால் இறக்கைகள் வேகமாகச் சுழல வேண்டியிருக்கும், பறக்கும் நேரமும் குறையும். உங்கள் மாடல் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் வரை ஏறும் என்பது கையேட்டில் இருக்கும்.

படி 7: இறக்கிவிட வேண்டிய தருணங்கள்

ஹெலிகாப்டர் சத்தம் கேட்டால் உடனே இறக்குங்கள், எந்தப் படத்துக்காகவும் காத்திருக்க வேண்டாம். பருந்தோ கழுகோ வட்டமிட்டு நெருங்கினால் படமெடுப்பதை நிறுத்திவிட்டு அங்கிருந்து விலகுங்கள். பாயும் பறவையிடமிருந்து தப்ப, நேராக மேலே ஏற்றுவது பொதுவாக உதவும். கூடுகட்டும் பாறை முகப்புகளுக்கு அருகே போகவே வேண்டாம். பதறி எழும் பறவை முட்டையையும் குஞ்சையும் விட்டுப் போய்விடலாம். மேய்கிற விலங்கு தலையைத் தூக்கிப் பார்த்தாலே நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

ஒருவேளை விழுந்துவிட்டால், ரிமோட்டை அணைக்காதீர்கள். செயலியில் கடைசியாகப் பதிந்த இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பல மாடல்களில் ட்ரோனை விளக்கு மின்னவும் ஒலி எழுப்பவும் செய்யலாம், பேட்டரி இருக்கும் வரை. அந்த இடம் பாதையை விட்டுச் செங்குத்துச் சரிவில் இருந்தால், இருப்பிடத்தைக் குறித்துக்கொண்டு கீழே இறங்கி, வனத்துறையினரிடம் சொல்லுங்கள். அந்தச் சரிவில் நீங்களே இறங்கி எடுக்கப் போக வேண்டாம்.