டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: 'ரன்' என்ற ஒரு சொல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வீட்டு வாசல்களில் பிள்ளை, கவுண்டர், நாயக்கர் என்ற பெயர்களைப் பார்த்ததும் மனம் குளிரும். 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும் விட்டுச்சென்ற பெயர்கள் அவை. ஆனால் அந்தப் பெயர்களைச் சுமப்பவர்களில் பெரும்பாலோர் இன்று வீட்டிலும் ஆங்கிலமே பேசுகிறார்கள். ஆகவே, நம்மவர்களோடு பழகவும் உங்களுக்கு இவ்வூர் ஆங்கிலம் வேண்டும். அதில் எனக்கு மிகுந்த தொல்லை தந்த சொல் 'ரன்'. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இந்த வினைச்சொல்லுக்கு மட்டும் 600-க்கும் மேற்பட்ட பொருள்களைத் தருகிறது. அவற்றில் ஒரு கைப்பிடி அளவு தெரிந்தாலே அன்றாடம் சமாளித்துவிடலாம்.

கிளினிக்கிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் தவறினால் வலிக்கும். வந்த புதிதில் என் மகனுக்குக் காய்ச்சல். 'ரன்னிங் ஸ்டமக்' இருக்கிறதா என்று நர்ஸ் கேட்டார். ஓடும்போது வயிறு வலிக்கிறதா என்று கேட்பதாக எண்ணி, ஆமாம் என்றேன். அவர் கேட்டது வயிற்றுப்போக்கை. அதற்கான உப்புக்கரைசல் பொட்டலங்களோடு வீடு திரும்பி, மறுநாள் காய்ச்சலோடு மறுபடியும் வரிசையில் நின்றோம். 'ரன்னிங் எ டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல், 'ரன்னி நோஸ்' என்றால் மூக்கொழுகல். குழந்தையோடு வருபவர்கள் இந்த மூன்றையும் முதல் வாரத்திலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

மற்ற இடங்களில் நம் 'ஓடு' என்ற சொல்லே பாதி வழி கூட வரும். ஆறு ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, படம் ஓடுகிறது என்று நாமும்தானே சொல்கிறோம்? 'டாக்சிகள் ரன் ஆகவில்லை' என்று காலையில் யாராவது சொன்னால், மினிபஸ் டாக்சிக்காரர்கள் வண்டி எடுக்கவில்லை என்று பொருள். வேலைக்குப் போக வேறு வழி பாருங்கள். ஆனால் கடையை நாம் நடத்துகிறோம், ஆங்கிலம் பேசுபவர்கள் ஓட்டுகிறார்கள். 'ஹீ ரன்ஸ் எ ஷாப்' என்றால் அவர் கடை நடத்துகிறார், அவ்வளவுதான்.

'ரன் அவுட்' நமக்குக் கிரிக்கெட்டில் பழகிய சொல். கடையில் அதைச் சொன்னால் சரக்கு தீர்ந்துவிட்டது என்று பொருள். ரொட்டிக்கும், கைப்பேசியில் பேசுவதற்கான இருப்பான ஏர்டைமுக்கும், முன்பணம் கட்டி வாங்கும் மின்சார யூனிட்டுக்கும் அதுவேதான். பக்கத்து வீட்டு அம்மா 'ஐ வில் ரன் யூ ஹோம்' என்றால் காரில் கொண்டுபோய் விடுவதாகச் சொல்கிறார். மறுக்காமல் ஏறிக்கொள்ளுங்கள்.

வாடகை ஒப்பந்தத்தில் 'ரன்ஸ் ஃபார் 12 மந்த்ஸ்' என்றிருந்தால் அதுதான் அதன் ஆயுட்காலம்; கையெழுத்திடும் முன் அந்த வரியை விரல் வைத்துப் படியுங்கள். 2008-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்ட ஒப்பந்தமானால், 20 வேலை நாள்களுக்கு முன் எழுத்தில் அறிவித்து இடையிலேயே வெளியேறலாம். நியாயமான அளவு கட்டணம் கேட்கப்படலாம். கைப்பேசி ஒப்பந்தத்துக்கும் இது பொருந்தும். இது தெரியாமல் மாதக்கணக்கில் பணம் கட்டியவர்களை நான் அறிவேன்.

இனி உண்மையான ஓட்டம். டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையே சுமார் 90 கிலோமீட்டர் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தான் 1921-இல் தொடங்கியது. டர்பனிலிருந்து மேடேறினால் 'அப் ரன்', பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கடலை நோக்கி இறங்கினால் 'டவுன் ரன்'. பந்தயத்தன்று சாலைகள் அடைபட்டிருக்கும். அலுவலகத்தில் 'இந்த ஆண்டு அப் ரன்னா, டவுன் ரன்னா?' என்ற பேச்சு காதில் விழுந்தால் திகைக்க வேண்டாம்.

அத்தனை தூரம் நம்மால் ஆகாது என்பவர்கள் சனிக்கிழமை காலை நார்த் பீச்சில் நடக்கும் பார்க்ரன்னுக்கு வாருங்கள். 5 கிலோமீட்டர், கட்டணம் இல்லை. பெயரில்தான் ரன், முழுவதும் நடந்தே முடிப்பவர்களும் நிறைய உண்டு. தனியாக வந்த நான் முதல் நண்பர்களைப் பெற்றது அந்தக் கடற்கரை நடையில்தான். முன்கூட்டியே இணையத்தில் பதிவுசெய்து, பார்கோடைக் கையோடு எடுத்து வாருங்கள்.