மதுரையில் நோயாளியுடன் தங்குபவர்களுக்கு: யூரின் டியூபும் பூஞ்சையும்

இலங்கையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வைத்தியத்துக்காக மதுரை வருபவர்களுக்குக் காகித வேலையைச் சொல்லித்தர ஆள் கிடைத்துவிடும். எனவே அதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். மருத்துவ விசாவில் வரும் நோயாளியுடன் உதவியாளர் விசாவில் இரண்டு பேர் வரை வரலாம். தங்கும் லாட்ஜில் உங்கள் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்தாக வேண்டும். பாஸ்போர்ட், விசா நகல்கள் கைப்பையிலேயே இருக்கட்டும். அறை எடுப்பது கோரிப்பாளையமா, மாட்டுத்தாவணிப் பக்கமா என்பதை மருத்துவமனை எங்கே என்று பார்த்து முடிவு செய்யுங்கள். வாடகை மிச்சம் என்று தூரத்தில் அறை எடுத்தால் ஆட்டோவுக்கே சரியாகப் போய்விடும்.

இனி வார்டுக்குள் வருவோம். இங்கே நோயாளியின் கட்டிலருகே வீட்டு ஆள் ஒருவர் இரவும் பகலும் இருப்பது வழக்கம். பார்வையாளர் நேரம் முடிந்ததும் வீட்டுக்குக் கிளம்பிப் பழகியவர்களுக்கு இது புதிது. சீட்டை வாங்கிக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடுவதோடு உங்கள் வேலை முடிவதில்லை. யூரின் டியூப் (சிறுநீரை வெளியேற்ற சிறுநீர்ப்பைக்குள் வைக்கும் குழாய்) போட்ட நோயாளி என்றால், சிறுநீர் வந்து சேரும் பையின் மேலும் ஒரு கண் வேண்டும்.

அந்தப் பை எப்போதும் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். ஆனால் தரையைத் தொடக்கூடாது. ஸ்கேனுக்கு அழைத்துப் போகும்போதுதான் தவறு நடக்கும். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும் அவசரத்தில் பையைத் தூக்கி நோயாளியின் வயிற்றின் மேல் வைத்துவிடுவார்கள். குழாயில் நின்ற சிறுநீர் திரும்பவும் உள்ளே ஓடும். அப்போது கூச்சப்படாமல், "சிஸ்டர், பையைக் கீழே தொங்கவிடுங்கள்" என்று சொல்லுங்கள். தொடைக்கு அடியில் குழாய் மடங்கிக் கிடக்கிறதா என்றும் பாருங்கள். பையையும் குழாயையும் இணைக்கும் இடத்தை நீங்களாகக் கழற்ற வேண்டாம். பையைத் தொடும் முன்னும் பின்னும் கை கழுவுங்கள்.

இவ்வளவு கவனித்தும் ஒருநாள் சிறுநீர்ப் பரிசோதனை முடிவில் 'ஈஸ்ட்' அல்லது 'கேண்டிடா' என்று வரலாம். டியூப், சர்க்கரை நோய், பல கிருமிகளை ஒருசேர அடக்கும் ஆண்டிபயாடிக், தீவிர சிகிச்சைப் பிரிவில் நீண்ட நாள் என எல்லாம் கூடும்போது இந்தப் பூஞ்சை சிறுநீரில் வளர வாய்ப்பு அதிகம். தாளைப் பார்த்ததும் ஊருக்கு போன் போட்டு அழ வேண்டியதில்லை. பெரும்பாலும் அது டியூபில் குடியேறியிருக்கும், அவ்வளவுதான். நோயாளிக்கு ஒரு தொந்தரவும் இராது. அந்த நிலையில் பொதுவாக மருந்தே தேவைப்படுவதில்லை. இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைந்தவர்கள், மிகக் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தைகள், சிறுநீர்ப் பாதையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள் விதிவிலக்கு.

ஆகவே டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது "மருந்து எழுதுங்கள்" என்று நச்சரிக்காதீர்கள். "டியூப் இன்னும் தேவையா?" என்று கேளுங்கள். அதை எடுத்ததுமே பலருக்குப் பூஞ்சை தானாகப் போய்விடுகிறது. படுக்கையை நனைத்துவிடுவாரே என்று பயந்து, "இருக்கட்டும் டாக்டர்" என்று சொல்லும் உறவினர்கள் உண்டு. துணி துவைக்கும் சிரமத்தை மிச்சப்படுத்தப் போய்த் தொற்றை விலைக்கு வாங்கும் காரியம் அது.

காய்ச்சல், குளிர் நடுக்கம், இடுப்புக்கு மேல் முதுகுவலி, டியூப் எடுத்தபின் சிறுநீர் கழிக்கையில் எரிச்சல் என்று இருந்தால் கதை வேறு, உடனே சொல்லுங்கள். மருந்து தேவைப்பட்டால் பெரும்பாலும் ஃப்ளுகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தருவார்கள். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு வழக்கமாக 2 வாரம். மருந்துக்கடையில் கிடைக்கும் ஒற்றை 150 மில்லிகிராம் மாத்திரை பெண்ணுறுப்புப் பூஞ்சைக்கானது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு, இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் போன்றவை சாப்பிடுகிறவரா? ஊரிலிருந்து கொண்டுவந்த அட்டைகளையே எடுத்துக் காட்டுங்கள். ஃப்ளுகோனசோல் சேரும்போது முதலாவதால் சர்க்கரை விழலாம். இரண்டாவதால் இரத்தக் கசிவு வரலாம்.

கேண்டிடாவில் பல வகை உண்டு. 'க்ரூசி' வகைக்கு ஃப்ளுகோனசோல் கேட்காது. 'கிளாப்ரட்டா'வும் பல நேரம் மசியாது. அதனால் டிஸ்சார்ஜ் சம்மரியோடு கல்ச்சர் (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) முடிவின் நகலையும் கேட்டு வாங்குங்கள். ஊர் திரும்பிய பிறகு மறுபடி காய்ச்சல் வந்தால் அங்குள்ள டாக்டர் முதலில் கேட்கப்போவது அந்தத் தாளைத்தான். லாட்ஜில் இருக்கும்போதே நள்ளிரவில் காய்ச்சலும் நடுக்கமும் வந்தால் விடியட்டும் என்று காத்திராமல் 108 ஆம்புலன்ஸை அழையுங்கள். கோரிப்பாளையத்தை ஒட்டிய அரசு இராசாசி மருத்துவமனையில் அவசரப் பிரிவு இரவிலும் இயங்குகிறது.