கிராபிக்ஸ் கார்டுகளை ஒப்பிடும்போது எங்கே தவறுகிறோம்?

"4060 வாங்கலாமா, 3060 வாங்கலாமா?" கேமிங் பிசி அசெம்பிள் செய்யக் கிளம்பும் பலரும் இப்படி ஒரு கேள்வியோடுதான் வருகிறார்கள். உடனே யாராவது இரண்டு கார்டுகளின் ஸ்பெக் ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவார்கள். 2021-ல் வந்த என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060-ல் 3584 குடா கோர்கள் (கணக்குப் போடும் சிறு அலகுகள்), 12 ஜிபி மெமரி, 192 பிட் பஸ் (சிப்புக்கும் மெமரிக்கும் இடையிலான பாதையின் அகலம்), விநாடிக்கு 360 ஜிபி மெமரி வேகம். 2023-ல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060-ல் 3072 கோர்கள், 8 ஜிபி, 128 பிட், 272 ஜிபி. நான்கு வரிகளிலும் பழைய கார்டே பெரியது. ஆனால் 1080பி ரெசல்யூஷனில் ஓடவிட்டுப் பார்த்தால், பெரும்பாலான கேம்களில் 4060தான் விநாடிக்குக் கூடுதல் ஃபிரேம் (திரையில் வரையும் படம்) தருகிறது.

காரணம் அந்த நான்கு வரிகளுக்கு வெளியே இருக்கிறது. 3060-ன் பூஸ்ட் கிளாக் (சிப் ஓடும் உயர் வேகம்) 1.78 கிகாஹெர்ட்ஸ், 4060-க்கு 2.46. 3060-ன் சிப்புக்குள் இருக்கும் எல்2 கேஷ் என்ற சிறு மெமரி 3 எம்பி. 4060-ல் 24 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைத்துவிட்டால், வெளியே இருக்கும் மெமரிக்குப் போய்வரும் வேலை குறைகிறது. பஸ் குறுகலாக இருப்பதன் பாதிப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. இதே 4060-ஐ 4கே மானிட்டரில் மாட்டினால் மூச்சு வாங்கும். அங்கே தரவு கேஷில் அடங்காமல் பெருகிவிடுகிறது.

ஆகவே வெவ்வேறு தலைமுறைக் கார்டுகளை கோர் எண்ணிக்கை வைத்து எடைபோடக் கூடாது. ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ-யில் 4352 கோர்கள், அடுத்த தலைமுறை 3070-ல் 5888. கேமில் இரண்டும் ஏறக்குறைய சமம்தான், ஏனென்றால் இடையில் கோரின் அமைப்பே மாறிவிட்டது. டெராஃப்ளாப்ஸும் (விநாடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்கு என்ற அளவு) இப்படித்தான். ஏஎம்டியின் வேகா 64-க்கு 12.6 டெராஃப்ளாப்ஸ், பின்னால் வந்த ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி-க்கு 9.75. கேமில் முந்துவது 5700 எக்ஸ்டி. ஒரே தலைமுறைக்குள், ஒரே கம்பெனியின் கார்டுகளுக்குள் மட்டும் இந்த எண்கள் கொஞ்சம் உதவும்.

ஒரே பெயர், வேறு கார்டு

அடுத்த தவறில் வாங்குகிறவரின் குற்றம் குறைவு. பெயர் வைத்தவர்களின் குற்றமே அதிகம். ஜிடி 1030 முதலில் 2017-ல் ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. மெமரி வேகம் விநாடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு ஒன்று வந்தது, வேகம் 16.8 ஜிபி. மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது, அவ்வளவுதான். ஜிடிஎக்ஸ் 1060-ல் 3 ஜிபி, 6 ஜிபி என்று இரண்டு. மெமரி மட்டும்தான் வித்தியாசம் என்று நினைத்து வாங்கியவர்கள் ஏராளம். உண்மையில் 6 ஜிபி கார்டில் 1280 கோர்கள், 3 ஜிபி கார்டில் 1152. மேலே சொன்ன 3060-லும் 2022 இறுதியில் 8 ஜிபி மாடல் ஒன்று வந்தது. அதன் பஸ் 128 பிட், வேகம் 240 ஜிபி. விமர்சனத்தில் 12 ஜிபி மாடலின் ஃபிரேம் கணக்கைப் பார்த்துவிட்டுக் கடையில் 8 ஜிபி மாடலை வாங்கினால், பார்த்தது ஒன்று, கைக்கு வந்தது வேறொன்று.

சீனச் சந்தைக்காக வந்த ஆர்எக்ஸ் 580 2048எஸ்பி-யும் இந்த வகைதான். அசல் 580-ல் 2304 ஷேடர்கள் (ஏஎம்டி கார்டின் கோர்கள்). இதில் இருப்பது ஆர்எக்ஸ் 570-ன் 2048. ஆன்லைனில் மலிவு விலையில் "580" என்று மட்டும் போட்டிருந்தால், ஷேடர் எண்ணிக்கையைக் கேட்காமல் பணம் கட்டாதீர்கள்.

எதிர்ப்பு பலித்த ஒரு சந்தர்ப்பமும் உண்டு. 2022 செப்டம்பரில் என்விடியா 4080 என்ற பெயரில் இரண்டு கார்டுகளை அறிவித்தது. 16 ஜிபி மாடலில் 9728 கோர்கள். 12 ஜிபி மாடலில் 7680. கண்டனம் கிளம்பியதும் அக்டோபரிலேயே 12 ஜிபி மாடலைத் திரும்பப் பெற்றார்கள். அதே கார்டு 2023 ஜனவரியில் 4070 டிஐ என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

லேப்டாப்பில் நிலைமை இன்னும் மோசம். லேப்டாப் 4090-ல் 9728 கோர்கள், 16 ஜிபி மெமரி. டெஸ்க்டாப் 4090-ல் 16384 கோர்கள், 24 ஜிபி. லேப்டாப் 4060-க்கு டெஸ்க்டாப்பில் இருக்கும் அதே 3072 கோர்கள் உண்டு. ஆனால் லேப்டாப் தயாரிப்பாளர் அதற்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். இரண்டும் ஒரே ஸ்டிக்கரோடு வரும். லேப்டாப் வாங்கும்போது கார்டின் பெயரோடு டிஜிபி (கார்டுக்குக் கொடுக்கும் மின்சார அளவு) எத்தனை வாட் என்றும் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால், தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடல் எண்ணைப் போட்டுத் தேடுங்கள்.

மெமரி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு

"4 ஜிபி கார்டு சார்" என்று டிடிஆர்3 மெமரி போட்ட ஜிடி 730-ஐ நீட்டும் கடைகள் உண்டு. அந்தச் சிப்பால் 4 ஜிபியை நிரப்பும் அளவுக்குப் படம் வரையவே முடியாது. மெமரி அதிகம் என்பதால் கார்டு வேகமாகிவிடாது. இதைப் பலர் இப்போது புரிந்துகொண்டுவிட்டார்கள்.

எதிர்ப்பக்கத்துத் தவறுதான் இன்று ஆபத்தானது. 4060 டிஐ 8 ஜிபி, 16 ஜிபி இரண்டிலும் ஒரே சிப், ஒரே 4352 கோர்கள், ஒரே 128 பிட் பஸ். சராசரி ஃபிரேம் சார்ட்டில் பல கேம்களில் இரண்டு பட்டையும் ஒரே நீளம். "அப்புறம் எதற்கு 100 டாலர் கூடுதல்?" என்று தோன்றுவது இயல்பு. மெமரி நிரம்பிவிட்டால் என்ன நடக்கிறது என்று கவனித்தால் பதில் கிடைக்கும். கார்டில் இடம் போதாத தரவு பிசியின் ராமுக்குத் தள்ளப்படுகிறது. தேவைப்படும்போது, மதர்போர்டில் கார்டைச் செருகும் பிசிஐஇ ஸ்லாட் வழியாகத் திரும்ப வரவேண்டும். அந்த வழி கார்டின் சொந்த மெமரியைவிடப் பல மடங்கு மெதுவானது. திரும்பி நடக்கும் இடத்தில், கதவைத் திறக்கும் இடத்தில் படம் ஒரு கணம் உறைந்து நிற்கும்.

சில கேம்கள் உறைவதில்லை. ஹாக்வர்ட்ஸ் லெகசி போன்றவை ஃபிரேமைக் காப்பாற்றிக்கொண்டு டெக்ஸ்சரின் (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படத்தின்) தரத்தைத் தாங்களாகவே இறக்கிவிடும். அல்ட்ரா செட்டிங் போட்டிருப்பீர்கள். எதிரே உள்ள சுவர் களிமண் பூசியதுபோல மங்கலாக இருக்கும். சார்ட்டில் ஃபிரேம் எண்ணிக்கை அப்படியே இருக்கும். இந்த இழப்பை எந்தப் பட்டையும் காட்டாது. இரண்டு கார்டின் படத்தையும் அருகருகே வைத்துக் காட்டும் விமர்சனத்தைத் தேடிப் பார்க்க வேண்டும்.

பழைய மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். 4060, 4060 டிஐ கார்டுகள் ஸ்லாட்டின் 16 தடங்களில் எட்டைத்தான் பயன்படுத்துகின்றன. உங்கள் போர்டு பிசிஐஇ 3.0 என்ற பழைய தலைமுறை என்றால் அந்த எட்டுத் தடங்களின் வேகமும் பாதியாகிவிடும். மெமரி நிரம்பாதவரை பெரிய வித்தியாசம் தெரியாது. நிரம்பியதும் நன்றாகத் தெரியும். நான்கே தடங்களும் 4 ஜிபி மெமரியும் கொண்டு 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி இந்த விஷயத்தில் அடிவாங்கிய கார்டு. புது போர்டில் எடுத்த சார்ட்டை நம்பி, பழைய போர்டில் மாட்டியவர்கள் ஏமாந்தார்கள்.

வேலரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவை மட்டும் ஆடுவீர்கள் என்றால் 8 ஜிபி தாராளம். வருகிற மூன்று நான்கு வருடத்துப் பெரிய கதைக் கேம்களையும் ஆட வேண்டும் என்று நினைத்தால், புதிதாகப் பணம் போட்டு 8 ஜிபி கார்டு வாங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

சார்ட்டை வாசிக்கும் விதம்

சராசரி ஃபிரேம் எதை மறைக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விநாடியில் 59 ஃபிரேம்கள் தலா 10 மில்லிவிநாடியில் வந்தன, மொத்தம் 590. கடைசி ஒன்று மட்டும் 410 மில்லிவிநாடி மாட்டிக்கொண்டது. கணக்கில் இது 60 ஃபிரேம். ஆடுகிறவருக்கோ கிட்டத்தட்ட அரை விநாடி திரை நின்றுபோனது. ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிவிநாடியில் வந்தாலும் அதே 60தான், அது வழுக்கிக்கொண்டு ஓடும். சார்ட்டில் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும் 1% லோ என்ற எண்ணை (மிக மெதுவான 1% ஃபிரேம்களின் வேகத்தை) பார்க்கச் சொல்வது இதனால்தான். இரண்டு கார்டின் சராசரி நெருக்கமாக இருந்தால், 1% லோ எதில் உயர்ந்திருக்கிறதோ அதை எடுங்கள்.

விமர்சகர்கள் கார்டைச் சோதிக்கும்போது ரைசன் 7 9800எக்ஸ்3டி மாதிரி உச்சத்து பிராசசரைப் போடுகிறார்கள். கார்டின் முழு வேகமும் தெரியவேண்டும் என்றால் அப்படித்தான் செய்யவேண்டும். வீட்டில் ரைசன் 5 3600 இருந்தால் அந்தச் சார்ட்டின் மேல்பகுதி உங்களுக்குக் கிடைக்காது. இதை இன்றே சோதிக்கலாம். நீங்கள் ஆடும் கேமில் ரெசல்யூஷனையும் கிராபிக்ஸ் செட்டிங்கையும் நன்றாகக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் ஏறவில்லை என்றால் முட்டுக்கட்டை பிராசசர்தான். கார்டை மாற்றினாலும் பெரிதாக ஏறாது.

2024 டிசம்பரில் 249 டாலருக்கு வந்த இன்டெல் ஆர்க் பி580, 12 ஜிபி மெமரியோடு நல்ல பெயர் வாங்கிய கார்டு. ஆனால் பழைய பிராசசரோடு சோதித்தபோது போட்டிக் கார்டுகளைவிட அதிகமாகச் சரிந்தது. பிராசசர் கார்டின் முழு மெமரியையும் ஒரே வீச்சில் அணுகவிடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத போர்டில் அதைப் போடவே கூடாது. பழைய பிசியில் மலிவாக மாட்டிக்கொள்ளலாம் என்று பார்ப்பவருக்குப் பொருத்தமாகத் தெரியும் கார்டு, அங்கேதான் சறுக்குகிறது.

சதவீதத்திலும் ஒரு வழுக்கல் உண்டு. ஒரு கார்டு 100 ஃபிரேம், மற்றது 80. பெரியது 25% வேகம். சிறியது 20% மெதுவு. இரண்டும் ஒரே வித்தியாசம்தான். ஒரு இடத்தில் "25%" என்றும் இன்னொரு இடத்தில் "20%" என்றும் படித்துவிட்டு இரண்டு விமர்சனமும் முரண்படுவதாக நினைக்க வேண்டாம்.

உருவாக்கிய ஃபிரேம்

2025 ஜனவரியில் லாஸ் வேகாஸ் சிஇஎஸ் மேடையில், 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070 கார்டு 4090-ன் செயல்திறனைத் தரும் என்று என்விடியாவின் ஜென்சன் ஹுவாங் சொன்னார். 6144 கோர்களும் 12 ஜிபி மெமரியும் உள்ள கார்டு, 16384 கோர்களும் 24 ஜிபியும் உள்ளதை எப்படி எட்டும்? என்விடியாவின் ஏஐ நுட்பமான டிஎல்எஸ்எஸ் 4-ன் மல்டி ஃபிரேம் ஜெனரேஷன்தான் அந்தக் கணக்கின் அடிப்படை. கேம் உண்மையில் வரையும் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இடையே மூன்று ஃபிரேம்கள் வரை ஏஐ கணித்துச் செருகுகிறது.

அந்த நுட்பத்தை நான் குறைசொல்லவில்லை. ஏற்கனவே 70, 80 ஃபிரேம் ஓடும் கேமை 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் பார்க்க அது அழகாகவே இருக்கும். ஆனால் இடையில் செருக வேண்டும் என்றால் அடுத்த உண்மையான ஃபிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும். 30 ஃபிரேம் ஓடும் கேம் திரையில் 120 என்று காட்டினாலும், மவுஸை அசைத்ததற்குப் பதில் 30-க்குரிய வேகத்திலோ அதைவிடச் சற்று மெதுவாகவோதான் வரும். ஆகவே கார்டுகளை ஒப்பிடும் சார்ட்டில் ஃபிரேம் ஜெனரேஷன் போட்டிருக்கிறதா, டிஎல்எஸ்எஸ் அல்லது ஏஎம்டியின் எஃப்எஸ்ஆர் எந்த மோடில் இருக்கிறது என்ற அடிக்குறிப்பை முதலில் படியுங்கள். ஒன்றில் போட்டு இன்னொன்றில் போடாமல் எடுத்த எண்களை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

வேகத்துக்கு அப்பால்

செகண்ட் ஹேண்டில் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ இன்றும் கம்பீரமாகத் தெரியும். 11 ஜிபி மெமரி வேறு. ஆனால் அதில் ரே டிரேசிங்குக்கான (ஒளி விழுவதை நிஜம்போலக் கணக்கிடும் முறைக்கான) ஹார்டுவேர் கிடையாது. 2024-ல் வந்த இந்தியானா ஜோன்ஸ் கேமும் 2025-ல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் அந்த ஹார்டுவேரைக் கட்டாயமாகக் கேட்கின்றன. அந்தக் கார்டின் தலைமுறைக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் அப்டேட்டையும் என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. பழைய கேம்களின் சார்ட்டில் இவை எதுவும் தெரியாது.

விலையில், அமெரிக்க விமர்சனத்தின் டாலர் எண்ணை ரூபாய்க்கு மாற்றி ஒப்பிடுவது வீண்வேலை. அந்த டாலர் விலையில் வரி சேர்ந்திருக்காது. இங்கே 18% ஜிஎஸ்டி. தவிர, இறக்குமதியும் கையிருப்பும் பொறுத்து ஒரு கார்டு இங்கே மலிவாகவும் அதன் போட்டிக் கார்டு விலை ஏறியும் இருக்கும். வாங்கப்போகும் நாளில் சென்னை ரிச்சி தெருக் கடையிலும் ஆன்லைனிலும் விலை கேட்டு, உங்கள் ரெசல்யூஷனில் கிடைக்கும் ஃபிரேமால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 30,000 ரூபாய்க்கு 75 ஃபிரேம் என்றால் ஃபிரேமுக்கு 400 ரூபாய். 36,000-க்கு 80 என்றால் 450.

விமர்சகரின் ஏசி அறைக்கும் நம் வீட்டு மே மாத அறைக்கும் 10, 12 டிகிரி வித்தியாசம் இருந்தால், கார்டின் வெப்பமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறும். ஃபேன் சத்தம் கூடும். வரம்பைத் தொட்டால் கிளாக் தானாக இறங்கும். ஒரே சிப் போட்ட இரண்டு பிராண்டு கார்டுகளுக்கு இடையே முடிவெடுக்கும்போது, ஹீட்சிங்க் பெரிதாக உள்ளதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது நம் ஊருக்குச் சரி.

வாட் கணக்கையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 4060 எடுப்பது 115 வாட், 3060 எடுப்பது 170, 4070 டிஐ சூப்பர் 285. வீடுகளில் பரவலாக இருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். பெரிய கார்டோடு பிராசசரும் மானிட்டரும் சேர்ந்தால் அது போதாது. கேம் ஓடும்போது கரன்ட் போனால் யூபிஎஸ் இருந்தும் பிசி அணைந்துவிடும். பெரிய கார்டு வாங்குவதாக இருந்தால் புது யூபிஎஸ்ஸின் விலையையும், தேவைப்பட்டால் புது பவர் சப்ளையின் விலையையும் கார்டின் விலையோடு கூட்டிவிட்டு, அதற்குப் பிறகு ஃபிரேமால் வகுங்கள்.